மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் லூப் ஆண்டெனா 160 மீட்டருக்கு ஆகுமா?

160 மீட்டர் என்பது ஹாம்களுக்கு, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு, ஒதுக்கிய பேண்டுகளில் (அலைவரிசைப் பட்டைகளில்) ஒன்று; அதைக் கேட்க வாங்கிய வளைய ஆண்டெனாதான் இந்த லூப். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால் ஆகாது. கூட வந்த கம்பியைத் தூக்கிப் போட்டு, கூட வந்த யூஎஸ்பி ஒயரையும் தூக்கிப் போட்டு, மேற்கொண்டு ஓர் இரண்டாயிரம் செலவழித்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே மொட்டை மாடியில் கழித்தால் ஆகும். நன்றாகவே ஆகும். மூன்று குளிர்காலமாக, கரண்ட் போன ராத்திரிகளைத் தவிர, என் காதில் விழாத ஐரோப்பா இந்தக் குளிர்காலத்தில் விழுந்துவிட்டது, அதுவும் திருச்சியில் நாலாபக்கமும் வீடு சூழ்ந்த ஒரு தெருவில் இருந்துகொண்டு.

பிராண்டு பெயர் எழுதவில்லை. எழுதிப் பிரயோஜனமும் இல்லை, ஒரே சரக்கை நாலைந்து பெயர் ஒட்டி ஆன்லைனில் விற்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்று, அதில் மாட்ட ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வளையும் மெல்லிய எவர்சில்வர் கம்பி, பத்து மீட்டர் ஒல்லி கோஆக்ஸ் (கேபிள் டிவிக்கு வருமே, அந்த மாதிரி ஒயர்), ரேடியோ பக்கத்தில் வைத்து 5 வோல்ட் கரண்ட்டை அதே கேபிளில் மேலே அனுப்பும் தீப்பெட்டி சைஸ் பெட்டி ஒன்று. இவ்வளவுதான்.

160 மீட்டர் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய மீடியம் வேவ் ரேடியோவில் முள் வலது ஓரத்தில் முட்டி நிற்குமே, அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது இந்த பேண்ட். நம் நாட்டில் ஹாம்களுக்கு 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரை, மொத்தமே 40 கிலோஹெர்ட்ஸ்தான். பகலில் இது செத்த பேண்ட். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு என்ற மின்னேற்றப் படலம், வெயில் இருக்கும்வரை இந்த அலைகளை அப்படியே குடித்துவிடும். அலைவரிசை பாதியானால் இந்த இழப்பு டெசிபெல் கணக்கில் ஏறத்தாழ நான்கு மடங்காகும், அதனால்தான் 40 மீட்டரில் மத்தியானம் மதுரைக்காரரோடு அரட்டை அடிக்க முடிகிறவருக்கு 160-இல் பக்கத்து மாவட்டமே எட்டாது. சூரியன் விழுந்ததும் டி அடுக்கு கரைந்துபோகிறது, அலையைத் திருப்பித் தரைக்கு அனுப்பும் மேலடுக்குகள் மிச்சமிருக்கின்றன, உலகம் திறக்கிறது. ஆனால் ஒன்று, இரண்டு முனையிலும் இருட்டாக இருக்க வேண்டும். ஜனவரி நடுவில் திருச்சியில் சூரியன் விழுவது மாலை 6.10 வாக்கில், எழுவது காலை 6.35 வாக்கில். மாலை இருட்டினதும் ஜப்பான், ஆஸ்திரேலியா, அதிர்ஷ்டம் இருந்தால் அங்கே விடிவதற்குள் அமெரிக்காவின் மேற்குக் கரை. விடியற்காலையில் ஐரோப்பா. இந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்தால் தேவையில்லாமல் தூக்கம் கெடாது.

என் பிரச்சினை அனுப்புவதில் இல்லை. 160-க்கு அரை அலை நீளத்தில் நேர்க்கம்பி ஆண்டெனா, அதாவது டைபோல், போட வேண்டுமென்றால் 78 மீட்டர் கம்பி வேண்டும், அதைப் பத்து மீட்டர் உயரத்தில் கட்டினாலும் சிக்னல் நேர் மேலே போய் நம் தலையிலேயே விழும். அதனால் தண்ணீர் டேங்க் மேல் நட்ட இரும்பு பைப்பில் 12 மீட்டர் ஏற்றி, அங்கிருந்து 27 மீட்டர் கிடையாகத் தென்னை மரத்துக்கு இழுத்து, தலைகீழ் எல் போல ஒரு கம்பி. 100 வாட்டில் இரண்டு முறை சிகியூ (யாராவது இருக்கிறீர்களா என்ற அழைப்பு) தட்டினால், சிடபிள்யூவை, அதாவது மோர்ஸைத், தானாகவே கேட்டு இணையத்தில் பதிவு செய்யும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கில் ஐரோப்பாவின் இரண்டு மூன்று ஸ்டேஷன்களில் என் கால்சைன், அதாவது என் அடையாள எழுத்துகள், வந்து நிற்கும். ஆக என்னை அவர்களுக்குக் கேட்கிறது. பதில் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் எந்நேரமும் 9-இல் படுத்துக் கிடக்கும், எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், எதிர்வீட்டு செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரம். வாய் இருக்கிறது, காது இல்லை. கரண்ட் போன ராத்திரிகளில் மட்டும், பேட்டரியில் ரேடியோவைப் போட்டால், திரை விலகினதுபோல எங்கிருந்தோ ஒரு பல்கேரியாக்காரர் மெலிதாகத் தட்டுவது கேட்கும். மழை நாளில் தெரு முழுக்க மின்வாரியத்துக்கு போன் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கேட்பதுதான் கஷ்டம் என்பது இந்த அலைவரிசைகளில் நூறு வருஷத்துக்கு முந்தைய பாடம். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறதா என்று பார்க்க, பால் காட்லி என்பவரைக் கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு, குளிரில் உட்கார்ந்து, கனெக்டிகட்டிலிருந்து வந்த 1பிசிஜி ஸ்டேஷனை 230 மீட்டர் வாக்கில் அவர் கேட்டார். அவரிடம் இருந்தது பெவரேஜ் ஆண்டெனா, அதாவது தரைக்குக் கொஞ்சம் மேலே நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்கு இழுத்த ஒற்றைக் கம்பி. இன்றைக்கும் 160-க்கு அதை அடித்துக்கொள்ள அதிகம் ஆள் இல்லை. லால்குடிப் பக்கம் நஞ்சை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அறுவடை முடிந்ததும் வரப்போரமாக இருநூறு மீட்டர் இழுத்துப் பாருங்கள், டிராக்டர்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாடி வீட்டுக்காரனுக்கு லூப்தான் கதி.

சரி, லூப் எப்படி வேலை செய்கிறது? 160 மீட்டர் நீள அலைக்கு ஒரு மீட்டர் வளையம் என்பது ஒன்றுமே இல்லை, அதில் வரும் சிக்னல் துளியூண்டு, அதைத் தூக்கத்தான் ஆம்ப்ளிஃபையர். இதில் கவனிக்க வேண்டியது எவ்வளவு வாங்குகிறது என்பதை அல்ல, எதை வாங்காமல் விடுகிறது என்பதை. செங்குத்தாக நிறுத்திய வளையத்துக்கு அதன் விளிம்பு காட்டும் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கும், முகம் காட்டும் இரண்டு பக்கமும் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தை எதிரிக்கு நேராகத் திருப்பிவிட வேண்டும். விளம்பரத்தில் "சிக்னல் அதிகரிக்கும்" என்று போட்டிருப்பது சுத்த அபத்தம், சிக்னல் குறையத்தான் செய்யும். இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும், விஷயமே அதுதான்.

பெட்டியில் வந்த எவர்சில்வர் கம்பி இந்த வேலைக்கு ஆகாது. ஒல்லி, காற்றில் ஆடும், ஆடும்போது செவிட்டுப் பக்கமும் கூடவே ஆடும். ஏசி மெக்கானிக்கிடம் சொல்லி, ஸ்ப்ளிட் ஏசிக்குப் போடும் காப்பர் பைப்பில் மூன்றேகால் மீட்டர் வாங்கினேன், ஒரு மீட்டர் விட்டத்துக்கு அது போதும். விட்டம் 65-இலிருந்து 100 சென்டிமீட்டர் ஆனால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல், பைப் தடிமனாக இருப்பதால் அதே அளவு ஒல்லிக் கம்பியைவிட இண்டக்டன்ஸும் (மாறும் கரண்ட்டை வளையம் எதிர்க்கும் குணம்) குறைவு, இந்த மாதிரி ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டும் நல்லது. பைப் முனையைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, பெட்டியின் இரண்டு ஸ்க்ரூவில் மாட்டினேன். பிவிசி பைப்பில் ஒரு சிலுவை செய்து, அதை வீட்டு பெடஸ்டல் ஃபேனின் ஸ்டாண்டில் சொருகினேன். குளிர்காலத்தில் ஃபேன் எதற்கு என்று நான் கேட்டதை வீட்டில் அவ்வளவாக ரசிக்கவில்லை.

அடுத்தது கரண்ட். 5 வோல்ட்தானே என்று மொபைல் சார்ஜரில் சொருகினால், நீங்கள் ஒழிக்க நினைத்த இரைச்சல் அந்த ஒயர் வழியாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பவர் பேங்க்கில் போடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். போட்டுப் பாருங்கள், இந்தப் பெட்டி எடுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு, போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்து அரை நிமிஷத்தில் பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நான் முதல் ராத்திரி பேண்டே செத்துவிட்டது என்று நினைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பழைய யூபிஎஸ் பேட்டரி ஒன்று, அதில் 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 7805 ரெகுலேட்டர் ஒன்று. பேட்டரி ஏற்கெனவே வீட்டில் கிடந்தது, ரெகுலேட்டருக்குக் கடையில் சில்லறைதான் கொடுத்தேன்.

மூன்றாவதுதான் முக்கியம், இதைச் செய்யாமல் லூப்பைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். கோஆக்ஸின் வெளி வலையும் ஒரு ஆண்டெனாதான். வீட்டுக்குள் இருக்கும் அத்தனை இரைச்சலையும் மேலே கொண்டுபோய் லூப்பின் வாயில் ஊட்டிவிட்டு வரும். பிறகு லூப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று புலம்ப வேண்டியதுதான். 31 என்ற கலவையில் வரும் பெரிய ஃபெரைட் வளையம் இரண்டு வாங்கி, லூப் பக்கம் ஒன்று, ரேடியோ பக்கம் ஒன்று, ஒவ்வொன்றிலும் கோஆக்ஸைப் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். வெளி வலை வழியாக வரும் இரைச்சலை இது அடைத்துவிடும். சோக் என்றுதான் இதற்கும் பெயர், டியூப்லைட் சோக் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து விலை, லூப் விலையில் பாதிக்குக் கிட்டே. ஆனால் சுற்றுவதற்கு முன், சுற்றினதற்குப் பின், இரண்டும் வேறு வேறு ஆண்டெனா.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஹெட்போனுக்கு நீட்டு ஒயர் போட்டு மாடிக்கே எடுத்துப் போய்விட்டேன். 1830-இல் அந்த ரீங்காரம், எஸ் 7. ஸ்டாண்டை ஒரு கையால் மெதுவாகத் திருப்பினேன், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, இன்னும் ஒரு விரற்கடை, சட்டென்று எஸ் 2. திரும்பவும் ஒரு விரற்கடை தள்ளினால் ரீங்காரம் வந்துவிடுகிறது. லூப்பின் நல்ல பக்கம் அகலம், கெட்ட பக்கம் ஊசி. வளையத்தின் முகம் பார்த்த திசையில் நிமிர்ந்து பார்த்தால், தென்மேற்கே அடுத்த தெரு முனையில் ஒரு கடையின் எல்இடி போர்டு மின்னிக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷமாக நான் என் இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு அதிர்ஷ்டம் பாதி, துரதிர்ஷ்டம் பாதி. தென்மேற்கை அடைத்தால் வடகிழக்கும் சேர்ந்து அடைபடும், நல்ல பக்கம் வடமேற்கும் தென்கிழக்கும். இங்கிருந்து ஐரோப்பா சரியாக வடமேற்கு. ஜப்பான் வடகிழக்கு. ஆக ஐரோப்பா வந்தது, ஜப்பான் போனது. முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, வானத்திலிருந்து சாய்ந்து இறங்கும் அலைக்கு இந்தச் செவிட்டுத்தனம் அவ்வளவு ஆழமாக இருக்காது, தரையோடு வரும் பக்கத்து இரைச்சலுக்குத்தான் ஆழம். இருந்தாலும் கடை சாத்தும் வரை ஜப்பான் பக்கம் நஷ்டம்தான்.

ஜனவரி கடைசி வார இறுதியில் சிகியூ 160 சிடபிள்யூ போட்டி, உலக ஹாம்கள் இந்த பேண்டில் மோர்ஸில் மோதிக்கொள்வது. உலக நேரம் வெள்ளி இரவு 22 மணிக்கு ஆரம்பம், நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை மூன்றரை. அலாரம் வைத்து எழுந்து ரேடியோவைப் போட்டால், நாற்பது கிலோஹெர்ட்ஸ் முழுக்க டெஸ்ட் டெஸ்ட் என்று தட்டுகிறார்கள். எழுதிவைத்த கால்சைன் முன்னெழுத்துகள்: யூஆர் (உக்ரைன்), எல்இசட் (பல்கேரியா), ஓஹெச் (பின்லாந்து), டிஎல் (ஜெர்மனி). தலைகீழ் எல்லுக்கு ஸ்விட்சைத் திருப்பினால் வெறும் ரீங்காரம், லூப்புக்குத் திருப்பினால் மனுஷர்கள். ஆறு மணிக்கு மேல் சிக்னல் இன்னும் ஏற ஆரம்பித்தது. சூரியன் எழும் நேரத்தை ஒட்டிப் பத்துப் பதினைந்து நிமிஷம் இப்படி ஏறும், பகலும் இரவும் சந்திக்கும் கோட்டில் மேலடுக்குகள் சாய்வதால் இடையில் சிக்கிப் பயணம் செய்த அலை நமக்கு இறங்கி வருகிறது என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். 6.40-க்கு ஒரு ஜெர்மன்காரர், ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பக்கத்து ஊர்க்காரர்போலக் கேட்டார். கூப்பிட்டேன், முதல் தடவையிலேயே எடுத்தார். 6.55-க்கு அவரையும் காணோம், மற்றவர்களையும் காணோம், துடைத்துப் போட்டாற்போல் இருந்தது.

கீழே கோலம் போட வந்த எதிர்வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், புது டிஷ்ஷா?" என்றார்.

"இல்லக்கா, ரேடியோவுக்கு."

"ரேடியோ செல்லுலயே வருதே சார்" என்று சொல்லிவிட்டுப் புள்ளி வைக்கக் குனிந்துவிட்டார்.

இனி குறைகள். லூப்பின் குறை அல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், இதற்கு ஒரு ஸ்டார் குறைத்துவிடாதீர்கள். நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 1963-இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வந்ததற்கே அதுதான் காரணம். இங்கே பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக, தெற்கு வடக்காகப் படுத்துக் கிடக்கிறது. மேல் அடுக்குகளில் ரேடியோ அலை இரண்டாகப் பிரியும், 160 மீட்டரில் அதில் ஒன்று சீக்கிரம் தேய்ந்துவிடும், மிஞ்சுகிற மற்றொன்றின் மின்புலம் இங்கே காந்தப்புலத்தோடு இணையாக இருக்க விரும்பும். ஆகவே கிழக்கு மேற்காகப் போகும் பாதைகளில் கிடைமட்ட ஆண்டெனாவுக்குத்தான் யோகம், செங்குத்துக் கம்பிக்கும் செங்குத்து லூப்புக்கும் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தக அறிவை அப்படியே இங்கே பிரயோகிக்க முடியாத இடம் இது. எட்டு மீட்டர் உயரத்தில் கிடக்கும் என் பழைய 80 மீட்டர் டைபோலில், கிழக்கே இருக்கும் தாய்லாந்து லூப்பைவிட நன்றாகக் கேட்ட ராத்திரிகள் உண்டு. அதைக் கழற்றிவிடாதீர்கள்.

லூப்பின் சொந்தக் குறை: இந்த ஆம்ப்ளிஃபையருக்குப் பலம் போதாது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் 100 கிலோவாட். அவ்வளவு பெரிய சிக்னல் உள்ளே வந்ததும் பெட்டி தானாகவே அந்த அலைவரிசையை இரட்டிப்பாக்கி 1872-இல் அதே நிகழ்ச்சியை இன்னொரு முறை வாசிக்கிறது. வானொலி நிலையத்தின் மேல் தப்பே இல்லை, ரேடியோவை நேரே கம்பியில் கொடுத்தால் அங்கே ஒன்றும் இல்லை. 1872 நம் பேண்டுக்கு வெளியே என்பதால் பிழைத்தேன். ஆனால் அதன் கூடவே ஒரு பொதுவான கசகசப்பும் வருகிறது, ராத்திரி நிலையம் ஒலிபரப்பை முடித்ததும் பேண்ட் ஒரு படி சுத்தமாவது தெளிவாகத் தெரிகிறது. ரேடியோவுக்கு முன்னால் ஃபில்டர் போட்டுப் பார்த்தேன், பயனில்லை, கெட்டது ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. வளையத்தைப் பெரிதாக்கினால் இந்தத் தொல்லையும் சேர்ந்து பெரிதாகும். டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் வந்த கம்பியோடே நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது வேறு நல்ல ஆம்ப்ளிஃபையர் பாருங்கள்.

பெட்டியின் ரப்பர் விளிம்பு பேருக்குத்தான். முதல் மழைக்கே உள்ளே வியர்த்திருந்தது, சிலிக்கான் பூசினேன். கூட வந்த கேபிள் டை எல்லாம் நம் வெயிலில் இரண்டே மாதத்தில் பிஸ்கட்டாக உடைந்தன.

இன்னொன்று, இது என் புத்திக்குறைவு. முதல் பெட்டி என் கையாலேயே செத்தது. தலைகீழ் எல்லுக்கு ஆறு மீட்டர் தள்ளி லூப், அதற்குக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் ஆர்வத்தில் 100 வாட்டில் மோர்ஸ் கீயைத் தட்டினேன். அவ்வளவுதான். விற்றவரிடம் கேட்டேன், மாற்றித் தர முடியாது என்றார், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது ஒரு ரிலே வைத்து, கீ தட்டும்போதெல்லாம் லூப்பின் கரண்ட்டும் இரண்டு முனையும் அறுந்துபோகும்படி செய்திருக்கிறேன். ஆகவே தலைப்பில் போட்ட விலை உங்களுக்கு, எனக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.

80 மீட்டரில், 3500 முதல் 3700 வரை, இன்னும் நன்றாகவே இருக்கிறது, 3573-இல் எஃப்டி8 (கம்ப்யூட்டரே கேட்டுப் படிக்கும் டிஜிட்டல் முறை) விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் திரை நிறைய ஊர்கள். 40 மீட்டருக்கு இது தேவையே இல்லை, டைபோல் போதும்.

இடி இரைச்சலுக்கு இதில் மருந்து கிடையாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடி. எல்லாத் திசையிலும் மின்னல் அடிக்கும்போது எந்தப் பக்கத்தைச் செவிடாக்குவீர்கள்? டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரைதான் நமக்குச் சீசன். சூரியப் புள்ளிகளின் உச்சம் 2024 கடைசியோடு இறங்க ஆரம்பித்துவிட்டது, புள்ளி குறையக் குறைய இந்த பேண்ட் நன்றாகும், வருகிற மூன்று நான்கு குளிர்காலங்களை நம்பி வாங்கலாம். செய்து பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார், மாட்டினதும் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஒன்றரை.

ஃபேன் ஸ்டாண்டை மார்ச் முதல் வாரம் திருப்பித் தருவதாக வீட்டில் ஒப்பந்தம். பிப்ரவரியிலேயே இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டார்கள். இரும்புக் கடையில் ஒரு ஸ்டாண்டு வெல்டிங் வைக்கக் கேட்டிருக்கிறேன், அறுநூறு சொல்கிறார்.